காது குத்தலும் துளைப்புண் ஓம்பலும்

முன்னுரை

ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் போரையும் ஆட்சியையும் கோயிலையும் கொடையையும் விரித்துரைப்பர். மனையகத்து நிகழும் சிறு செயல்களைப் பெரும்பாலும் கூறாது விடுப்பர். குழந்தையின் காதில் துளையிடுதல் அத்தகைய சிறு செயல்களுள் ஒன்று. அதனைப் பற்றி எழுதியோரும் விழாவையே எழுதினர். தாய்மாமன் மடியும், அவன் கொணரும் சீரும், துளையிடும் பத்தருக்கு வைக்கும் வெற்றிலை பாக்கும், உற்றார்க்கு இடும் விருந்தும் பலரால் எழுதப்பட்டுள்ளன. ஆயின் விழா ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. துளை அன்றுதான் தொடங்குகிறது. அது புண்ணாகி, புண் ஆறி, அணிகலன் தாங்கும் நிலைத்த துளையாவதற்கு வாரங்கள் பல வேண்டும். அவ்வாரங்களில் குழந்தையின் காதை யார் காத்தனர், எவ்வாறு காத்தனர், அக்காவல் பற்றி நம் இலக்கியம் யாது கூறுகிறது என்னும் வினாக்கள் இன்னும் போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவற்றை எழுப்பி, இயன்ற அளவு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு நிலைக்களமாக நெய்வேலியையும் அதனைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காட்டுப் பகுதியையும் யாம் கொண்டுள்ளோம். அதற்குரிய காரணம் அடுத்த பகுதியில் விளங்கும்.

நெய்வேலிச் சூழல்

நெய்வேலியில் நிலக்கரி இருத்தலை உலகறியச் செய்தது ஓர் ஆழ்துளைக் கிணறு. 1930களின் நடுவில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரோடு கரிய துகள்கள் வெளிப்பட்டன. 1956ஆம் ஆண்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957இல் சுரங்கப்பணி தொடங்கியது. 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962இல் அனல்மின் உற்பத்தி தொடங்கியது. அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்த அவ்வூர், 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் கடலூர் மாவட்டத்தைச் சார்ந்தது. நிறுவனமும் 2016இல் பெயர் மாற்றம் பெற்றது.

இவ்வரலாற்றில் நம் பொருளுக்கு வேண்டுவன இரண்டு. ஒன்று, சுரங்கத்திற்காகச் சிற்றூர்கள் பல கையகப்படுத்தப்பட்டு, அவற்றின் மக்கள் வேற்றிடங்களில் குடியமர்த்தப்பட்டமை. மற்றொன்று, வட்டங்களாக வகுத்துக் கட்டப்பெற்ற நகரியத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் அண்டை வீட்டாராக வாழ நேர்ந்தமை. காது குத்தும் பருவமும் முறையும் ஊர்க்கும் குடிக்கும் வேறுபடுவன. ஓராண்டு நிறையுமுன் குத்துவோர் உளர்; மூன்றாம் ஆண்டில் முடியிறக்கிக் குத்துவோர் உளர்; குலதெய்வத்தின் முன்னிலையில் அன்றி வேறிடத்தில் குத்தாதோரும் உளர். இவ்வழக்கங்கள் எல்லாம் ஒரு நகரியத்துத் தெருவில் அருகருகே நின்றன.

இங்கு ஒன்றை உய்த்துணரலாம். விழாவைக் கொண்டாட ஊருக்குச் சென்று திரும்புதல் எளிது. பாட்டியை உடனழைத்து வருதல் எளிதன்று. காது குத்திய மூன்றாம் நாள் குடியிருப்பு வீட்டில் குழந்தை அழுதபோது, இளந்தாய் யாரைக் கேட்டிருப்பாள்? கூட்டுக் குடும்பத்தில் கேளாமலே கிடைத்த அறிவு, தனிக்குடும்பத்தில் கேட்டாலும் கிடைத்தற்கு அரிதாயிற்று. தொழில் நகரங்கள் எழுந்த இடமெல்லாம் இம்மாற்றம் நிகழ்ந்திருத்தல் கூடும். நெய்வேலியை யாம் எடுத்துக் கொண்டதற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் இலக்கியச் சார்புடையது. காது குத்தலைப் பற்றித் தமிழில் உள்ள தலைசிறந்த சான்று பெரியாழ்வார் திருமொழியில் உள்ளது. அத்திருமொழியை உள்ளிட்ட நாலாயிரப் பனுவலைத் தொகுத்தவராகப் போற்றப்பெறும் நாதமுனிகள் பிறந்த வீரநாராயணபுரம், அஃதாவது காட்டுமன்னார்கோயில், இதே மாவட்டத்தில் உள்ளது. காது குத்தலையே மறுத்துரைத்த வள்ளலார் வாழ்ந்த வடலூரும் நெய்வேலிக்கு அண்மையது. பதிகத்தைக் காத்தளித்த நிலமும், மறுப்பு எழுந்த நிலமும் ஒன்றேயாதல் கருதத்தக்கது.

சொற்கள் காட்டும் செய்தி

காதணிகளைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பல. குழை, தோடு, குண்டலம், கடிப்பு, குதம்பை, ஓலை என்பன அவற்றுட் சில. திருக்குறட் காமத்துப்பாலின் முதற்குறளில் தலைவி தன் கனத்த குழையாலேயே சுட்டப்படுகிறாள். பட்டினப்பாலையில், உலரும் உணவைக் கவரவந்த கோழியை ஓட்ட மகளிர் எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியை மறிக்கிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி மணிகள் பதித்த கடிப்பினை அணிகிறாள். அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலோ, கணவனைப் பிரிந்த கண்ணகி குழையைத் துறந்தமையால் அவள் காது வெறிதாய்த் தாழ்ந்து தொங்குகிறது. இக்கடைசிச் செய்தி நமக்கு இன்றியமையாதது. அணியை நீக்கியபின்னும் தாழ்ந்தே நிற்கும் காது, வெறுந்துளையன்று. நாட்பட வளர்த்த காது என்பது அதனாற் பெறப்படும்.

வளர்த்தல் என்னும் சொல்லை ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். தமிழர் காதைக் குத்தினர் என்பதோடு அமையாது, காதை வளர்த்தனர், காதைப் பெருக்கினர் என்றும் வழங்கினர். பயிரையும் பிள்ளையையும் வளர்ப்பதற்குரிய சொல்லே துளைக்கும் உரியதாயிற்று. வளர்த்தற்குரிய கருவிகளுக்கும் தனிப்பெயர்கள் இருந்தன. பஞ்சை முறுக்கி இடுவது திரி. நெட்டி முதலியவற்றால் செய்து செருகுவது தக்கை. பனையோலையைச் சுருட்டி இடுவது ஓலைச்சுருள். சுருள் தன் இயல்பால் விரிய முயலுந்தோறும் துளை சிறிது சிறிதாக அகலும். காது தாழ்தற்பொருட்டு ஈயத்தாற் செய்து தொங்கவிடுவது குணுக்கு. துளை மூடிக்கொள்ளுதலைத் தூர்தல் என்றனர்; கிணறு தூர்ந்தது என்பது போலக் காது தூர்ந்தது என்றனர். அணியற்ற காதையும் அறுந்த காதையும் மூளிக்காது என்றனர். இத்துணைச் சொற்கள் ஒரு துளையின் பின்வாழ்வைக் குறித்து நிற்றல், அப்பின்வாழ்வு மக்கள் கருத்தில் பெற்றிருந்த இடத்தைக் காட்டும்.

திருவள்ளுவரும் கேள்வி அதிகாரத்தில் இவ்வழக்கத்தை உவமையளவில் எடுத்தாள்கிறார். அறிவுரையால் துளைக்கப்பெறாத செவி, ஓசையைக் கேட்பினும் கேளாச் செவியே என்பது அவர் கருத்து. செவி என்றால் துளைக்கப்பெற்றிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றிய சமுதாயத்திலன்றி இவ்வுரை இத்துணை எளிதாக விளங்காது.

இன்னுமொரு வழக்கு உண்டு. ஒருவன் தன்னை ஏமாற்ற முயல்வானை நோக்கி, 'எனக்கே காது குத்துகிறாயா?' என்று வினவுவான். காது குத்தலுக்கும் ஏமாற்றுதலுக்கும் யாது தொடர்பு? குழந்தைக்குத் தின்பண்டமும் விளையாட்டுப் பொருளும் காட்டி, அது மயங்கியிருக்கும்போது ஊசியைச் செலுத்துதலே அத்தொடர்பு ஆகலாம் என யாம் கருதுகின்றோம். இக்கருத்துக்குச் சான்று அடுத்து வரும் பதிகத்தில் உள்ளது.

பெரியாழ்வார் பதிகம்

பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில் மூன்றாந் திருமொழி, யசோதை கண்ணனுக்குக் காது குத்த அழைக்கும் பகுதியாகும். பாட்டுகள் 13. கேசவன் முதல் தாமோதரன் ஈறாகத் திருமாலின் 12 திருப்பெயர்களும் 12 பாட்டுகளில் முறையே அமைந்துள்ளன. இறுதிப்பாட்டு பயன் கூறுவது. பெரியவாச்சான் பிள்ளை இத்திருமொழிக்கு எழுதிய உரையின் பெரும்பகுதி மறைந்துபோக, மணவாள மாமுனிகள் அப்பகுதிக்கு உரை வகுத்தார். அவ்வுரை மரபு இறைமைப் பொருளை நன்கு விளக்குகிறது. யாம் இங்கு மனையியற் செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம்.

முதற்பாட்டிலேயே விழாவின் கூறுகள் முடிந்துவிடுகின்றன. காது குத்துதற்கு ஆயர் மகளிர் எல்லாரும் வந்துவிட்டனர். தாய் வெற்றிலை பாக்கை ஆயத்தம் செய்துவிட்டாள். அதன்பின் வரும் பாட்டுகளில் பேசப்படுவன திரியும் கடிப்பும். விழாவுக்கு ஒரு பாட்டும் ஓம்பலுக்குப் பல பாட்டுமாக ஆழ்வார் பகுத்துக்கொண்ட அளவே ஒரு சான்றாகும்.

திரியை எரிச்சலின்றி இடுவேன் என்று தாய் உறுதி கூறுகிறாள். கண்ணுக்கு இனிய பொற்கடிப்பைக் காட்டுகிறாள். மகரக்குழை வைத்திருப்பதைச் சொல்கிறாள். பலாப்பழம் தருவதாகக் கூறுகிறாள். திரியிட ஒப்பினால் பெரிய அப்பம் தருவதாகக் கூறுகிறாள். நாவற்பழம் வைத்திருப்பதாகக் கூறுகிறாள். பண்ணுருட்டிப் பலா விளையும் நாட்டில் இப்பதிகத்தைப் படிப்போர்க்கு அவ்வாசை மொழி தம் வீட்டுப் பேச்சாகவே தோன்றும். பிற ஆயச் சிறுவர் காது தாழப் பெருக்கி நல்லவராய்த் திரிவதையும் தாய் எடுத்துக்காட்டுகிறாள்.

குழந்தை இணங்கவில்லை. விண்ணெல்லாம் கேட்க அழுகிறது. தாய், புண் ஒன்றும் இல்லை, சிறிது பொறுத்திரு என்கிறாள். குழந்தை ஓடிப்போய்க் கடிப்பைப் பறித்து எறிகிறது. அதுமட்டுமன்று, அது வழக்காடுகிறது. என் காதுகள் வீங்கி எரிந்தால் உனக்கும் இம்மகளிர்க்கும் என்ன குறை என்று ஓரிடத்திற் கேட்கிறது. கையைப் பிடித்திழுத்துக் கடிப்பை நோகத் திருகினால் உனக்கு என்ன இழப்பு, நோவது என் காதன்றோ என்று பிறிதோரிடத்திற் கேட்கிறது. வீக்கம், எரிவு, திருகுவதால் வரும் நோவு என மூன்று துன்பங்களும் பெயர் சொல்லியே கூறப்பட்டுள்ளமை காண்க. இவை கற்பனையால் எழுந்தன அல்ல. காது குத்திய குழந்தைகளை அருகிருந்து கண்டவரின் சொற்கள்.

தாயின் விடை இன்னும் கருதத்தக்கது. அவள் குழந்தையைக் குறை கூறவில்லை. தன்னையே குறை கூறிக்கொள்கிறாள். தலை நிலாப்போதே, அஃதாவது கழுத்து நிலைபெறாத இளம் பருவத்திலேயே, காதைப் பெருக்காது விட்டது தன் குற்றம் என்கிறாள். தலை நோகுமென்று அஞ்சி இடையில் விட்டுவிட்டதும் தன் குற்றமே என்கிறாள். இங்கிருந்து இரு செய்திகள் பெறப்படும். ஒன்று, குழந்தை பறித்தெறியக் கற்குமுன் பெருக்குதலே நெறி எனக் கருதப்பட்டமை. மற்றொன்று, குழந்தை நோவுக்கு அஞ்சிப் பெருக்கலை நிறுத்தும் தாயரும் இருந்தமை. ஆழ்வார் காலத்தை எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு என்பர். அந்நூற்றாண்டிலேயே வழக்கத்தின் கட்டாயமும் தாயின் இரக்கமும் ஒரு குழந்தையின் காதில் மோதிக்கொண்டன என்பது இப்பதிகத்தின் பொருள்.

பிற்காலப் பிள்ளைத்தமிழுக்குப் பெரியாழ்வார் வழிகாட்டி என்பது அறிஞர் கொள்கை. ஆயின் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்த இலக்கணம், காது குத்தலுக்கு அப்பத்தினுள் இடம் தரவில்லை. நீராட்டலும் குழல்வாரலும் பூச்சூட்டலும் பற்றி ஆழ்வார் பாடிய திருமொழிகளின் நிலையும் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அதுவே. தாலும் சப்பாணியும் அம்புலியும் குழந்தையின் அழகைக் காட்டுவன, அவை நிலைபெற்றன. குழந்தையின் உடலைப் பேணும் உழைப்பைக் காட்டுவன இலக்கணத்தால் விடுபட்டன. இலக்கிய மரபு எதனைப் பாடத்தக்கது எனக் கொண்டது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

சுசுருதர் நூலோடு ஒப்பீடு

வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்து 16ஆம் அத்தியாயம் காதுத் துளையைப் பற்றியது. காவலுக்கும் அணிக்குமாகக் குழந்தையின் காதைத் துளைத்தல் வேண்டும் என அது தொடங்குகிறது. ஆறாம் அல்லது ஏழாம் திங்கள், வளர்பிறையில், குழந்தையை மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள்களால் ஆசைகாட்டி ஆற்றுவித்தல் வேண்டும். மருத்துவன் இடக்கையாற் காதை இழுத்து, கதிரொளி ஊடுருவித் தோன்றும் இயற்கையான மெல்லிடத்தைக் கண்டு, வலக்கையால் மெல்ல மெல்ல நேராகத் துளைத்தல் வேண்டும். மெல்லிய காதுக்கு ஊசி. தடித்த காதுக்குத் தமரூசி. ஆண்குழந்தைக்கு வலக்காது முதலில். பெண்குழந்தைக்கு இடக்காது முதலில். பின்னர்ப் பஞ்சுத்திரி செருகிக் காய்ச்சாத எண்ணெய் விடுதல் வேண்டும்.

ஓம்பல்முறை இதன்பின் வருகிறது. மும்மூன்று நாட்களுக்கு ஒருமுறை திரியைச் சிறிது தடித்ததாக மாற்றி, எண்ணெய் விட்டுவருதல் வேண்டும். குருதி மிகுதலும் நோவு மிகுதலும் உரிய இடம் தப்பியதற்கு அடையாளம். வளைந்த ஊசியாலும், அளவிறந்து தடித்த திரியாலும், பிழைபடத் துளைத்ததாலும் வீக்கமும் நோவும் தோன்றினால், திரியை உடனே எடுத்துவிட்டு, அதிமதுரம், ஆமணக்கு வேர், மஞ்சிட்டி, வாற்கோதுமை, எள் ஆகியவற்றை அரைத்துத் தேனும் நெய்யும் கலந்து, ஆறும்வரை பூசுதல் வேண்டும். நன்கு ஆறியபின் மீண்டும் துளைத்தல் வேண்டும். இதே அத்தியாயம் அறுந்த காதை ஒட்டுதற்கு 15 முறைகளைக் கூறுகிறது. மூக்கறுந்தார்க்கு மூக்கமைக்கும் முறையும் இதன் இறுதியிலேயே உள்ளது. உலக அறுவை மருத்துவ வரலாற்றில் இவ்வத்தியாயம் பெயர்பெற்றதற்கு அதுவே காரணம்.

இவ்விரு சான்றுகளையும் அருகருகே வைத்துக் காணுங்கால் ஒற்றுமைகள் தெளிவாகும். ஆசை காட்டி மயக்குதல் இரண்டிலும் உண்டு. திரி இரண்டிலும் உண்டு. படிப்படியாகப் பெருக்குதல் இரண்டிலும் உண்டு. வீக்கமும் எரிவும் இரண்டிலும் உண்டு. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று கூறுதற்கு இவை போதா. நாடெங்கும் பரவியிருந்த ஒரு கைம்முறையை மருத்துவர் ஒருபுறமும் பாவலர் ஒருபுறமும் பதிந்தனர் என்று கொள்ளுதலே அமைவுடையது.

வேற்றுமையும் உண்டு. மருத்துவ நூலில் பேசுபவன் மருத்துவன், குழந்தை பேசுவதில்லை, தாய் பேசுவதில்லை. தமிழ்ப் பதிகத்தில் மருத்துவன் இல்லை. தாயும் குழந்தையும் பேசுகின்றனர். முன்னது, வீங்கினால் யாது செய்க என்று விதிக்கிறது. பின்னது, வீங்கினால் யார்க்கு நோவு என்று கேட்கிறது. ஒரே புண்ணைப் பற்றிய இவ்விரு நோக்குகளும் சேர்ந்தாலன்றி வரலாறு நிறைவுறாது.

பெருக்கலும் குறுக்கலும்

பெருக்கிய காதின் வழக்கம் அண்மைக்காலம்வரை நீடித்தது. பாம்படம், தண்டட்டி முதலிய கனத்த அணிகளைத் தாங்கிய முதிய மகளிரைத் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் காணமுடிந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளிலும் தாழ்ந்த காதுகளைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. அந்நூற்றாண்டிலேயே நிலை தலைகீழாயிற்று. நீண்ட காது நாட்டுப்புறத்தின் அடையாளம் எனக் கருதப்படவே, மகளிர் பலர் மருத்துவமனைகளில் தம் காதைக் குறுக்கித் தைத்துக்கொண்டனர். தாயர் ஆண்டுக்கணக்கில் வளர்த்ததை மகளிர் ஒருநாளில் அறுத்துக் குறைத்தனர்.

ஆடவர் நிலை வேறு. கடுக்கன் அணிதல் அருகியது. ஆயினும் ஆண்குழந்தைக்குக் காது குத்துதல் நிற்கவில்லை. குத்திச் சிலநாள் அணிவித்துப் பின் தூரவிடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அணியாத காதுக்குத் துளை எதற்கு? தாய்மாமன் உரிமையை நிலைநாட்டுதற்கும் குலதெய்வ வேண்டுதலை நிறைவேற்றுதற்கும் என்பதே விடையாகும். ஆகவே பெருக்கல் வழக்கு ஒழிந்து, அணியும் வழக்கு ஒருபாலார்க்கே சுருங்கியபின், இருபாலார்க்கும் பொதுவாய் எஞ்சியது விழா ஒன்றே. ஓம்பல் அறிவு குன்றியதற்கு இம்மாற்றமும் ஒரு காரணம் எனலாம். திங்கள்தோறும் திரி மாற்றிக் காதை வளர்த்த காலத்தில், புண்ணின் நிறமும் மணமும் வெப்பமும் அறிந்த கண்கள் வீடுதோறும் இருந்தன. வளர்த்தல் நின்றபின் அவை குறைந்தன.

வள்ளலார் எழுப்பிய வினா

1872இல் வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவிய இராமலிங்க அடிகள், தம் உபதேச உரையில் இவ்வழக்கத்தை நேரே எடுத்து வினவினார். அவ்வுரையின் கருத்து வருமாறு: காதிலும் மூக்கிலும் அணி பூணுதல் இறைவனுக்கு உடன்பாடாயின், படைக்கும்போதே அவ்விடங்களில் துளையிட்டு அனுப்பியிருப்பான் அன்றோ? இவ்வாறு ஆராய்ந்து தெளிவார்க்கு அணிகளின்மேல் உள்ள பற்று நீங்கும் என்பது அடிகள் கொள்கை.

அடிகளின் வினா துறவு நோக்கில் எழுந்தது. பெரியாழ்வார் பதிகத்துக் குழந்தையின் வினாவோ நோவின் நோக்கில் எழுந்தது. எனினும் இரண்டும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: இத்துளை யாருக்காக? வழக்கத்தை ஏற்பார் இவ்வினாவுக்கு அஞ்சவேண்டுவதில்லை; ஆனால் விடை கூறும் கடமை அவர்க்கு உண்டு. பேசவறியாக் குழந்தையின் உடலில் புண் செய்வோர், அப்புண் ஆறும்வரை அதனைத் தம்முடையதாகக் கருதிக் காத்தல் வேண்டும். யசோதை தன் குற்றம் என்று கூறியதன் உட்பொருளும் இதுவே என்று யாம் கொள்கின்றோம்.

இக்கால மருத்துவமும் பழைய மரபும்

இன்று துளையிடுவோர் பலதிறத்தர். குலதெய்வக் கோயிலில் பத்தர் பொற்கம்பியால் குத்துகிறார். நகைக்கடையில் விசைக்கருவியால் குத்துகின்றனர். மருத்துவமனையில் மருத்துவரே குத்துதலும் உண்டு. நெய்வேலி நகரியத்துள் அமைந்த வில்லுடையான்பட்டு முருகன் கோயிலைப் போன்ற கோயில்களில் முடியிறக்கிக் காது குத்தும் குடும்பத்தாரும், மருத்துவமனையை நாடும் குடும்பத்தாரும் ஒரே நகரில் வாழ்கின்றனர். யார் குத்தினும் புண் ஒன்றே. அதனை ஓம்பும் நெறியில் பழையதும் புதியதும் எங்கு ஒன்றுகின்றன, எங்கு வேறுபடுகின்றன என்பதைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது பருவம். தலை நிலாப்போதே என்றாள் யசோதை. ஆறாம் ஏழாம் திங்கள் என்றது மருத்துவ நூல். இக்கால மருத்துவர், இரண சன்னி முதலியவற்றுக்குரிய தடுப்பூசிகள் இடப்பட்டபின் குத்துதல் நன்று என்பர். நம் நாட்டில் அவ்வூசிகள் 6, 10, 14 ஆகிய வாரங்களில் இடப்படுகின்றன. தூய்மையற்ற ஊசியாலும் புண்ணில் இடும் மண்கலந்த பொருளாலும் அந்நோய் வருதல் கூடும். ஆகவே இவ்வகையில் யசோதை கூறிய பருவத்தினும் மருத்துவ நூல் கூறிய பருவமே இக்கால அறிவோடு பெரிதும் ஒத்துளது.

இரண்டாவது புண்ணைத் தூய்மை செய்தல். பழையோர் எண்ணெயும் மஞ்சளும் இட்டனர். துளை தூராதிருக்க வேப்பங்குச்சியும் செருகினர். இன்றைய மருத்துவர் புண்ணில் பொடி எதனையும் இடவேண்டா என்பர். கையை நன்கு கழுவியபின், கொதித்து ஆறிய உப்பு நீரில் நனைத்த தூய பஞ்சினால் நாள்தோறும் இருமுறை காதின் முன்னும் பின்னும் துடைத்தல் போதுமானது. ஆல்ககால் போன்ற கடுமையான நீர்மங்கள் இளந்தோலை உலர்த்தி ஆறுதலைத் தாழ்த்தும்.

மூன்றாவது திருகுதல். குத்திய கம்பியை நாள்தோறும் திருகவேண்டும் என்பது பலர் கூறும் அறிவுரை. மெல்லச் சுழற்றலாம் என்று கூறும் மருத்துவரும் உளர். புதிதாய் அரும்பும் தோல் கிழியுமாதலால் திருகவே வேண்டா என்போர் இக்காலத்துப் பெருகி வருகின்றனர். நோகத் திருகாதே என்று பதிகத்துக் குழந்தை முறையிட்டது. அம்முறையீட்டில் நியாயம் உண்டு என்பது இப்போது புலனாகிறது.

நான்காவது வீங்கியபோது செய்வது. பழைய நூல் திரியை எடுத்துவிடுக என்றது. இன்றோ, சீழ் கொண்ட காதிலிருந்து அணியைத் தாமே கழற்றினால் துளைவாய் மூடிச் சீழ் உள்ளே தங்கக்கூடும் என்பதால், மருத்துவரைக் கண்டபின் அவர் கூறியவாறு செய்க என்பர். வெப்பம், மேன்மேலும் பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல் ஆகியவை உடனே மருத்துவரிடம் செல்லவேண்டிய அறிகுறிகள். சீழின்றி அரிப்பும் நீர்க்கசிவும் மட்டும் நீடித்தால் அணியில் கலந்த நிக்கல் என்னும் உலோகம் ஒவ்வாமையும் காரணமாகலாம். பொன்னையே முதலில் இட்ட பழைய வழக்கம் இவ்வகையில் நன்மையாயிற்று. எனினும் கலப்பு மிகுந்த பொன்னுக்கு இக்கூற்று பொருந்தாது.

ஐந்தாவது காலம். காதுமடலின் தசைப்பகுதியில் இட்ட துளை ஆற ஏறத்தாழ 6 வாரம் ஆகும். மேற்புறக் குருத்தெலும்பில் இட்டது ஆறத் திங்கள் பல ஆகும். அதற்குள் அணியைக் கழற்றினால் துளை தூர்ந்துவிடும். குழந்தை துணியில் சிக்கிக்கொண்டு இழுத்தாலும், பறித்து வாயில் இட்டாலும் இடர் நேரும். ஆதலின் தொங்கும் அணியைத் தவிர்த்து, காதோடு ஒட்டிய சிறு அணியை இடுதலே தக்கது. ஆழ்வார் காட்டிய குழந்தை கடிப்பைப் பறித்து எறிந்ததை ஈண்டு நினைவுகூர்க.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தமிழர் வழக்கில் காது குத்தல் என்பது ஒரு நாள் நிகழ்ச்சியன்று. துளைத்தல், திரியிடல், பெருக்கல் என்னும் படிகளை உடைய நெடிய ஓம்பல் ஆகும். திரி, தக்கை, ஓலைச்சுருள், குணுக்கு, தூர்தல் முதலிய சொற்கள் அதற்குச் சான்று. பெரியாழ்வார் பதிகம் அவ்வோம்பலைத் தாய் குழந்தை இருவர் வாயிலாகவும் பதிந்துள்ள அரிய ஆவணமாகும். பெருக்கல் ஒழிந்த பின்னர் விழா எஞ்சியது. ஓம்பல் அறிவு தளர்ந்தது. நெய்வேலி போன்ற தொழில் நகரியங்களில் குடும்ப அமைப்பு மாறியமை அத்தளர்ச்சியை மிகுவித்திருத்தல் கூடும்.

இப்பொருளில் செய்யவேண்டுவன இன்னும் பல உள. நகரியத்தில் முதலிற் குடியேறிய தலைமுறையினர் இன்று முதுமை எய்திவிட்டனர். சுரங்கத்திற்கு ஊரை இழந்து பெயர்ந்த குடியினரின் மூத்த மகளிர் நிலையும் அதுவே. அவர்கள் தம் தாயர் காதுக்கு இட்ட திரியைப் பற்றியும், தாம் தம் மக்கள் காதுக்கு இட்ட மருந்தைப் பற்றியும் நினைவிற் கொண்டிருப்பவற்றை அவரவர் சொற்களிலேயே கேட்டெழுதுதல் வேண்டும். விழாவின் நிழற்படங்கள் வீடுதோறும் உள்ளன. விழாவுக்கு மறுநாளின் செய்தி எப்படத்திலும் இல்லை. அது முதியோர் நினைவில் மட்டுமே உள்ளது. தமிழ் ஆராய்ச்சித் துறை மாணவர் இப்பணியை விரைந்து மேற்கொள்வாராயின், மனையியல் வரலாற்றின் ஒரு பகுதி தூர்ந்துபோகாமற் காக்கப்படும்.